நட்சத்திர மறைப்பும் சிறுகோள் அளவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள் ஒன்று நம் பார்வையில் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே வந்தால், அந்த நட்சத்திரம் சில விநாடிகள் காணாமல் போகும். எப்போது மறைந்தது, எப்போது திரும்ப வந்தது என்று துல்லியமாகக் குறித்துக்கொண்டால் சிறுகோளின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். சம்பளத்துக்கு வேலை செய்யும் வானியலாளர்களைவிட, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் மொட்டை மாடி ஏறுபவர்கள்தான் இந்தத் துறையில் அதிகம். இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எழும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

இத்தனை பெரிய தொலைநோக்கிகள் இருக்கின்றனவே. நேராகப் பார்த்தே அளந்துவிட முடியாதா?

முடியாது. ஒரு சில பெரிய சிறுகோள்கள்தான் விதிவிலக்கு. 100 கி.மீ. அகலமுள்ள சிறுகோள் 30 கோடி கி.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் பார்ப்பது, காஞ்சிபுரத்தில் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தைச் சென்னையில் நின்று பார்ப்பதைப் போன்றது. நடுவில் இருக்கும் காற்றின் அலைவே அதைப் பத்து மடங்குக்கு மேல் கலைத்துவிடும். சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கி, காற்றின் அலைவைச் சரிசெய்யும் கருவியோடு சில பெரிய சிறுகோள்களைப் படம் எடுத்திருக்கிறது. மற்றவை எல்லாம் வெறும் ஒளிப்புள்ளிகள்தான்.

சரி, அந்தப் புள்ளியின் பிரகாசத்தை வைத்துச் சொல்லலாமே என்றால், அங்கே ஒரு சிக்கல். கரி போலக் கறுத்த சிறுகோள் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 5 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். வெளுத்த சிறுகோள் 40 சதவீதம் வரை அனுப்பும். இரண்டும் ஒரே பிரகாசத்தில் தெரிந்தாலும் குறுக்களவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கலாம். அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் இந்தக் குழப்பம் குறையும். 1983-இல் ஐராஸ் செயற்கைக்கோளும், 2009 டிசம்பரில் ஏவப்பட்ட வைஸ் செயற்கைக்கோளும் இப்படித்தான் ஏராளமான சிறுகோள்களுக்கு உத்தேச அளவைத் தந்தன. ஆனால் அதுவும் வெப்பத்தை வைத்துப் போடும் ஊகக் கணக்குதான். ரேடார் நல்ல கருவி என்றாலும் பூமிக்கு ஓரளவு அருகில் வருபவற்றுக்கே எட்டும்.

நட்சத்திர மறைப்பில் ஊகத்துக்கு இடமில்லை. சிறுகோளின் விளிம்பு நட்சத்திரத்தைத் தொட்ட நேரமும் விட்ட நேரமும் கையில் கிடைக்கின்றன. விண்கலத்தை அங்கேயே அனுப்புவதை விட்டால் இவ்வளவு நேரடியான அளவு வேறு எதிலும் கிடைக்காது.

நிழல் பாதை என்கிறார்கள். ராத்திரியில் ஏது நிழல்?

நட்சத்திர வெளிச்சத்துக்கும் நிழல் உண்டு, நம் கண்ணுக்குத்தான் தெரியாது. நட்சத்திரம் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் அதன் கதிர்கள் இணையாகவே வந்து சேர்கின்றன. அதனால் சிறுகோளின் நிழல் விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. 60 கி.மீ. சிறுகோளுக்கு 60 கி.மீ. நிழல், சிறுகோள் கோணலாக இருந்தால் நிழலும் அதே கோணலோடு இருக்கும். (சூரிய கிரகணம் இப்படி இல்லை. சூரியன் பெரிய வட்டமாகத் தெரிவதால் நிலவின் முழு நிழல் கூம்பாகச் சுருங்கி, பூமிக்கு வரும்போது சில நூறு கி.மீ. அகலமே மிஞ்சும்.)

அந்த நிழல் பூமியின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிப் போய்விடும். அது போகும் தடம்தான் நிழல் பாதை. தடத்துக்குள் நிற்பவர்களுக்கு நட்சத்திரம் மறையும். வெளியே நிற்பவர்களுக்கு ஒன்றுமே நடக்காது.

கணக்கு எப்படி? ஒன்று போட்டுக் காட்டுங்கள்.

நிழல் விநாடிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீடியோவில் நட்சத்திரம் 9 மணி 14 நிமிடம் 20.32 விநாடிக்கு மறைந்து, 24.32 விநாடிக்குத் திரும்ப வந்தது. இடைவெளி 4 விநாடி. 15-ஐ 4-ஆல் பெருக்கினால் 60 கி.மீ. அவ்வளவுதான்.

விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும் கேமராவில் ஒரு ஃபிரேம் 0.04 விநாடி. ஒரு ஃபிரேம் தவறினால் பிழை 600 மீட்டர். 30 கோடி கி.மீ. தூரத்தில் உள்ள ஒரு பாறையை, மாடியில் வைத்த 8 அங்குலத் தொலைநோக்கியால் 600 மீட்டர் பிழைக்குள் அளந்துவிடுகிறோம். எனக்கு இது பழகிப் போன விஷயம்தான், ஆனாலும் நினைத்துப் பார்த்தால் இன்றும் கொஞ்சம் மிரட்சியாகவே இருக்கிறது.

நிழலின் வேகத்தை நீங்கள் அளக்க வேண்டியதில்லை. சிறுகோளின் சுற்றுப்பாதையும் பூமியின் ஓட்டமும் நன்றாகத் தெரிந்தவை என்பதால் முன்னறிவிப்பிலேயே கொடுத்திருப்பார்கள். பூமி விநாடிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறது, முக்கியச் சிறுகோள் பட்டையில் உள்ளவை சுமார் 18 கி.மீ. வேகத்தில். இரண்டும் ஒரே திசையில் ஓடும் காலத்தில் வித்தியாசம் 12 கி.மீ. போல வரும். சிறுகோள் வானில் நின்றுவிட்டதுபோலத் தெரியும் நாட்களில் நிழல் இன்னும் மெதுவாக ஊரும். அப்போது மறைப்பு நீண்ட நேரம் நீடிக்கும்.

அப்படியானால் அந்தச் சிறுகோளின் குறுக்களவு 60 கி.மீ.தானே?

அவசரப்பட வேண்டாம். நிழலின் எந்தப் பகுதி உங்கள் தலைக்கு மேல் போனது என்று உங்களுக்குத் தெரியாது. நடுப்பகுதி போயிருக்கலாம், ஓரம் மட்டும் உரசியிருக்கலாம். நீங்கள் அளந்தது ஒரு நாண். வட்டத்தில் குறுக்கே போடும் கோட்டைப் பள்ளியில் அப்படித்தானே சொன்னோம்? சிறுகோள் ஒரு திசையிலாவது 60 கி.மீ. இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

பாதைக்குக் குறுக்காக 20 கி.மீ. தள்ளி இன்னொருவர் நின்று இன்னொரு நாணை எடுத்தால் விஷயம் சூடு பிடிக்கும். மூன்று, நான்கு என்று சேரச் சேர, இணையான கோடுகளின் நுனிகள் சிறுகோளின் வெளிவடிவத்தை வரைந்துவிடும். பத்து நாண்கள் இருந்தால் மேடு பள்ளம்கூடத் தெரியும்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம்: நண்பர்கள் நான்கு பேர் ஒரே மாடியில் நான்கு தொலைநோக்கிகளோடு கூடினால் அரட்டைக்கு நல்லது, அறிவியலுக்கு ஒரே நாண்தான். ஆளுக்கு ஒரு திசையில் பிரிந்து போக வேண்டும். பாதை நெடுகப் பரவுவதிலும் பயன் இல்லை. பாதைக்குச் செங்குத்தாகப் பரவ வேண்டும்.

எனக்கு நட்சத்திரம் மறையவே இல்லை. ராத்திரி வீண்தானே?

இல்லவே இல்லை. பதிவு சுத்தமாக இருந்து, நட்சத்திரம் கடைசிவரை மினுங்கிக்கொண்டே இருந்தால், உங்கள் இடத்தில் நிழல் இல்லை என்று நிரூபித்திருக்கிறீர்கள். உங்களுக்கு 8 கி.மீ. தெற்கே இருந்தவருக்கு மறைந்தது என்றால், சிறுகோளின் விளிம்பு அந்த 8 கி.மீ.க்குள்தான் முடிகிறது. விளிம்பை இப்படிப் பூட்டு போட்டதுபோல நிறுத்த, மறைந்ததைப் பார்த்த இன்னொரு நாணால்கூட முடியாமல் போகலாம். கண்டிப்பாக அனுப்புங்கள். புதிதாக வருபவர்கள் "ஒன்றும் நடக்கவில்லை, எதற்கு அனுப்ப வேண்டும்" என்று பதிவை அழித்துவிடுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய விரயம் என்பது என் எண்ணம்.

ஆனால் மேகம் மூடியதையும், தவறான நட்சத்திரத்தைப் பதிவு செய்ததையும் "மறையவில்லை" என்று எழுதிவிடக் கூடாது. அது வேறு, இது வேறு.

நிழல் எங்கே விழும் என்று எப்படி முன்கூட்டியே தெரிகிறது?

நட்சத்திரம் இருக்கும் இடமும் சிறுகோள் இருக்கும் இடமும் துல்லியமாகத் தெரிய வேண்டும். முன்பெல்லாம் இரண்டுமே சரியாகத் தெரியாது. கணித்த பாதைக்கும் உண்மையான பாதைக்கும் நூற்றுக்கணக்கான கி.மீ. வித்தியாசம் வரும். கடைசி நாள் ராத்திரி நட்சத்திரத்தையும் சிறுகோளையும் ஒரே படத்தில் எடுத்து, பாதையைத் திருத்தி, தொலைபேசியில் ஆளாளுக்குச் சொல்லி, காரில் பறந்த கதைகள் ஏராளம்.

1989-இல் ஏவப்பட்ட ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் ஒரு லட்சத்துச் சொச்சம் நட்சத்திரங்களின் இடத்தைச் சீராக்கியது. அடுத்து வந்த கையா விண்கலம்தான் ஆட்டத்தையே மாற்றியது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2013 டிசம்பரில் ஏவிய கையா, சுமார் 180 கோடி நட்சத்திரங்களை அளந்தது. 2025-இல் அதன் பணி முடிந்தது. அதன் இரண்டாவது தரவுத் தொகுப்பு 2018 ஏப்ரலில் வந்த பிறகு, நன்கு தெரிந்த சிறுகோள்களின் பாதைகள் பல சமயம் சில கி.மீ. பிழைக்குள் வந்துவிட்டன. முன்பு 100 கி.மீ. சிறுகோளையே தவறவிட்டோம், இப்போது 10 கி.மீ. சிறுகோளுக்கும் நம்பிப் போகலாம்.

அப்போஃபிஸ் விஷயத்தில் இது உச்சத்துக்குப் போனது. சில நூறு மீட்டரே அகலமுள்ள அந்தச் சிறுகோள் 2029 ஏப்ரல் 13 அன்று பூமிக்கு 32,000 கி.மீ.க்கும் உள்ளே வந்துபோகும். அதன் நிழலை 2021 மார்ச் 7 அன்று அமெரிக்காவில் பொழுதுபோக்கு வானியலாளர்கள் பிடித்தார்கள். அந்த ஒரு பிடியால் அதன் சுற்றுப்பாதை இன்னும் இறுகியது. மறைப்பு என்றால் அளவு மட்டுமல்ல, சிறுகோள் அந்த நொடியில் எங்கே இருந்தது என்பதும் கையா நட்சத்திரத்தின் துல்லியத்திலேயே கிடைத்துவிடுகிறது.

இதை முதலில் செய்தது யார்?

1958 பிப்ரவரியில் சுவீடனின் மால்மோ நகரில், ஜூனோ என்ற சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் கண்ணால் பார்த்துப் பதிவு செய்தார்கள். அடுத்த முக்கியப் பதிவு நம் நாட்டில் நடந்தது. 1961 அக்டோபர் 2 அன்று பல்லாஸ் என்ற சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை நைனிடால் வானாய்வகத்தில் சின்வால், சன்வால், பாண்டே ஆகியோர் ஒளிமின் கருவியால் (வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றி அளப்பது) பதிவு செய்தனர். இந்திய வானியல் வரலாறு என்று பேசும்போது இதை யாரும் நினைவுகூர்வதில்லை. நியாயமாகப் பள்ளிப் பாடத்தில் இருக்க வேண்டிய செய்தி.

பலர் சேர்ந்து பல நாண்கள் எடுக்கும் வழக்கம் 1975 ஜனவரியில் ஈரோஸ் என்ற சிறுகோள், மிதுன ராசியில் உள்ள ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை மறைத்தபோது அமெரிக்காவின் வடகிழக்கில் வேர்விட்டது. பின்னர் நாசாவின் நியர் ஷூமேக்கர் விண்கலம் போய் இறங்கியது இதே ஈரோஸில்தான். 1983 மே 29 அன்று பல்லாஸ், வெறும் கண்ணுக்கே தெரியும் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, தெற்கு அமெரிக்க மாநிலங்களிலும் வடக்கு மெக்சிகோவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் பதிவு செய்தார்கள். ஒரு சிறுகோளுக்கு இத்தனை நாண்கள் கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

இதுவரை நடந்ததில் எதை நீங்கள் பெரிதாகச் சொல்வீர்கள்?

யோசிக்காமல் சொல்வேன்: 2017 ஜூலை 17, அர்ஜென்டினாவின் படகோனியா.

பின்னணி இது. புளூட்டோவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்துக்கு அடுத்த இலக்காக, ஹப்பிள் 2014-இல் கண்டுபிடித்த ஒரு குட்டிப் பொருளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இன்று அதன் பெயர் அரோகோத். அன்றைக்கு அது வெறும் மங்கல் புள்ளி. 650 கோடி கி.மீ. தூரம். அளவு தெரியாது, வடிவம் தெரியாது. 2019 புத்தாண்டு அன்று விண்கலம் அதன் அருகே பாய்ந்து போகப் போகிறது. அதற்குள் ஏதாவது தெரிந்தாக வேண்டும்.

2017 ஜூன் 3 அன்று தென்னாப்பிரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் தொலைநோக்கிகளைப் பரப்பி வைத்தார்கள். யாருக்கும் நட்சத்திரம் மறையவில்லை. ஜூலை 10 அன்று சோஃபியா என்ற பறக்கும் வானாய்வகத்தைப் பசிபிக் கடலின் மேல் கொண்டுபோனார்கள். அன்றும் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. மூன்றாவது வாய்ப்பு ஜூலை 17. வானியலாளர் மார்க் பூயியின் குழு கொமடோரோ ரிவடாவியா நகரைச் சுற்றி 16 அங்குலத் தொலைநோக்கிகள் 24-ஐ வரிசையாக நிறுத்தியது. அங்கே ஜூலை என்றால் நடுக்குளிர்காலம். காற்றோ தொலைநோக்கியையே ஆட்டிவிடும். ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? லாரிகளைக் கொண்டுவந்து காற்றுக்குத் தடுப்பாக நிறுத்தினார்கள். தெருவிளக்குகளை அணைத்தார்கள். வண்டி முகப்பு விளக்கு வெளிச்சம் கெடுக்கக் கூடாது என்று தேசிய நெடுஞ்சாலையையே இரண்டு மணி நேரம் மூடினார்கள். எல்லாம் இரண்டு விநாடிகூட நீடிக்காத ஒரு மங்கலுக்காக.

24-இல் ஐந்து தொலைநோக்கிகளில் நட்சத்திரம் மறைந்தது. அந்த ஐந்து நாண்களையும் அடுக்கிப் பார்த்தபோது வட்டமாக இல்லை. நடுவில் இடுப்பு போலக் குறுகி, இரண்டு பகுதிகள் ஒட்டிக்கொண்டதுபோல இருந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து விண்கலம் அனுப்பிய படத்தில் அதே உருவம்: ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கட்டிகள், மொத்த நீளம் சுமார் 36 கி.மீ. அங்கே போய்ப் பார்ப்பதற்கு முன்பே, நிழலை வைத்து வடிவத்தைச் சொல்லிவிட்டார்கள்.

அளவு, வடிவம் தவிர வேறு எதுவும் கிடைக்குமா?

கிடைக்கும். எதிர்பாராமல் கிடைப்பவைதான் பெரும்பாலும் பெரிய செய்தி.

வளையங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூன் 3 அன்று தென்னமெரிக்காவில் பல இடங்களிலிருந்து சாரிக்லோ என்ற பொருளின் மறைப்பைப் பதிவு செய்தார்கள். சனிக்கும் யுரேனஸுக்கும் இடையே சுற்றும் அது, சுமார் 250 கி.மீ. அகலம்தான். முக்கிய மறைப்புக்கு முன்னும் பின்னும் நட்சத்திரம் சட்டென்று மங்கி மங்கி வந்தது. சுற்றிலும் இரண்டு மெல்லிய வளையங்கள்! கோள்களுக்கு மட்டும்தான் வளையம் உண்டு என்ற எண்ணம் அன்றோடு போனது. 2017 ஜனவரியில், நெப்டியூனுக்கு அப்பால் சுற்றும் ஹௌமியாவுக்கும் வளையம் இருப்பது தெரிந்தது. அதேபோல நெப்டியூனுக்கு அப்பால் உள்ள குவாவாருக்கு இருப்பதாக 2023-இல் அறிவித்தார்கள். அந்த வளையம் கோட்பாட்டின்படி இருக்கக் கூடாத அளவு தொலைவில் இருக்கிறது. அவ்வளவு தள்ளி இருக்கும் துகள்கள் ஒன்றுசேர்ந்து ஒரு நிலவாகியிருக்க வேண்டும். ஏன் ஆகவில்லை என்பதில் இன்னும் விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தத் தரவில் ஆஸ்திரேலியப் பொழுதுபோக்கு வானியலாளர்களின் பங்கும் உண்டு.

யுரேனஸின் வளையங்கள் தெரியவந்ததும் இதே வழியில்தான், 1977 மார்ச் 10 அன்று. ஜேம்ஸ் எலியட் குழுவினர் விமானத்தில் வைத்த தொலைநோக்கியால் பதிவு செய்துகொண்டிருந்த அதே நேரம், ஜவ்வாது மலைக் காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதே நட்சத்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பதிவிலும் நட்சத்திரம் சில விநாடி மங்கியது. புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் கருதினார்கள். வளையம் என்று பிறகு தெளிவானது.

அப்புறம் துணைகள். ஆன்டியோப் என்ற சிறுகோள், ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை. 2011 ஜூலை 19 அன்று மேற்கு அமெரிக்காவில் எடுத்த நாண்களில் இரண்டின் வெளிவடிவமும் தனித்தனியாக விழுந்தது. நாசாவின் லூசி விண்கலம் போகவிருக்கும் பாலிமீலி என்ற சிறுகோளுக்கு ஒரு குட்டித் துணை இருப்பதும் 2022 மார்ச் 27 மறைப்பில்தான் தெரிந்தது.

நட்சத்திரம் படக்கென்று மறையாமல் மெல்ல மங்கினால்?

பெரும்பாலும் மின்விளக்கை அணைத்ததுபோலத்தான் மறையும். படிப்படியாக மங்கினால், நீங்கள் ஒற்றை என்று நினைத்த நட்சத்திரம் நெருக்கமான இரட்டையாக இருக்கலாம். ஒன்று முதலில் மறையும், மற்றது பிறகு. புதிய இரட்டை நட்சத்திரங்கள் பல இப்படிப் பிடிபட்டிருக்கின்றன.

இன்னொரு காரணம் நட்சத்திரத்தின் சொந்த அளவு. 2023 டிசம்பர் 12 அன்று லியோனா என்ற சிறுகோள் நம் திருவாதிரை நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனது. திருவாதிரை அவ்வளவு பூதாகரமானது என்பதால் வானில் அதன் வட்டமும் சிறுகோளின் உருவமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. முழுதாக அணையாமல், மங்கித் திரும்பியது. இத்தாலி, ஸ்பெயின் தொடங்கி ஃபுளோரிடா, மெக்சிகோ வரை பாதை. சிறுகோளை அளப்பதைவிட, திருவாதிரையின் முகத்தை அளப்பதே அன்றைய நோக்கம்.

எனக்கு என்னென்ன வேண்டும்?

6 அல்லது 8 அங்குலத் தொலைநோக்கி, வேகமாகப் படம் எடுக்கும் கேமரா, மடிக்கணினி, நம்பகமான நேரம். இதில் பலரும் முதலாவதில் பணத்தைக் கொட்டிவிட்டு நான்காவதில் கோட்டைவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், 6 அங்குலத் தொலைநோக்கியும் ஜிபிஎஸ் நேரமும், 14 அங்குலத் தொலைநோக்கியும் செல்போன் நேரமும் என்ற ஜோடியைவிட எவ்வளவோ மேல்.

நிகழ்வுகளைத் தேடுவதற்கு ஹிரிஸ்டோ பாவ்லோவ் எழுதிய அக்கல்ட்வாட்சர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் அருகில் விழப்போகும் நிழல்களைப் பட்டியலிடும். வேறு யார் எங்கே நிற்கப் போகிறார்கள் என்பதும் அதில் தெரியும். டேவ் ஹெரால்டின் அக்கல்ட் மென்பொருள் இன்னும் ஆழமானது. வீடியோவிலிருந்து பிரகாச வரைபடம் எடுக்க டாங்ரா, பைமூவி போன்றவை உண்டு.

செல்போன் நேரம் ஏன் போதாது?

செல்போன் கடிகாரம் பத்தில் சில பங்கு விநாடி பிசகியிருக்கலாம், சமயத்தில் ஒரு விநாடிக்கு மேலும் போகும். பிசகு முழுவதும் ஒரே அளவாக இருந்தால் உங்கள் நாணின் நீளம் கெடாது. ஆனால் இடம் கெடும். விநாடிக்கு 15 கி.மீ. நிழலில் அரை விநாடி பிசகினால், மற்றவர்களின் நாண்களுக்கு நடுவே உங்களுடையது மட்டும் 7 கி.மீ.க்கு மேல் நகர்ந்து நிற்கும். ஒழுங்கான உருவத்தில் ஒரு பல் துருத்திக்கொண்டிருந்தால், மலையா, கடிகாரமா என்று ஆராய்ச்சியாளர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அதனால்தான் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஜிபிஎஸ் நேரத்தை அச்சிடும் கருவியை அல்லது ஜிபிஎஸ் உள்ளேயே பொருத்திய கேமராவைப் பயன்படுத்துகிறார்கள். அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஜிபிஎஸ் அமைப்பின் சொந்த நேரம், உலகப் பொது நேரத்தைவிட இப்போது 18 விநாடி முந்தி ஓடுகிறது. அந்த வித்தியாசத்தைச் செயற்கைக்கோள் 12.5 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஒலிபரப்பும். கருவியைக் கடைசி நேரத்தில் போட்டால், பழைய மதிப்பை வைத்துத் தவறான நேரத்தை நிதானமாக, அழகாக அச்சிட்டுக்கொண்டிருக்கும். குறைந்தது 20 நிமிடம் முன்பே இயக்கி, திறந்த வானத்தின் கீழ் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று: பல மலிவான கேமராக்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நேரம் ஒன்றல்ல. நட்சத்திரம் எந்த வரியில் இருந்தது என்பதையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

கேமரா இல்லை. கண்ணால் பார்த்து, ஸ்டாப்வாட்ச் அமுக்கலாமா?

ஒரு காலத்தில் எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். மறைந்ததைக் கண் பார்த்து, மூளை புரிந்து, விரல் அமுக்குவதற்குள் பத்தில் சில பங்கு விநாடி போய்விடும். 30 விநாடி நீடிக்கும் பெரிய சிறுகோளுக்குப் பரவாயில்லை. 2 விநாடி மறைப்புக்கு உதவாது.

அந்த ராத்திரி சரியாக என்ன செய்ய வேண்டும்?

முதல் நாளே அதே நேரத்தில் அந்த நட்சத்திரத்தைத் தேடிப் பழகுங்கள். நிகழ்வு நாளில் தேடிக்கொள்ளலாம் என்பது தோல்விக்கான உத்தரவாதம். 11-ஆம் மேக்னிடியூட் (வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான) நட்சத்திரம் ஒன்றைச் சுற்றி அதேபோல இருபது இருக்கும். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்து நட்சத்திரங்கள் போடும் முக்கோணம், கோணல் வரிசை இவற்றை வைத்து அடையாளம் காணுங்கள். உங்கள் தொலைநோக்கி படத்தைக் கண்ணாடிபோல இடவலம் மாற்றுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வானத்தின் ஓட்டத்தைத் தொடரும் மோட்டார் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. குறித்த நேரத்தில் இலக்கு எங்கே வருமோ, அந்த இடத்தை முன்கூட்டியே குறிவைத்துத் தொலைநோக்கியை அசையாமல் விட்டுவிடுங்கள். பூமியின் சுழற்சியே நட்சத்திரத்தை உங்கள் கேமராவுக்குள் கொண்டுவந்து சேர்க்கும். இந்த முறையில் ஒரே ஆள் சாலையோரமாகப் பல சிறு தொலைநோக்கிகளை வைத்துவிட்டுப் போய், பல நாண்களைச் சம்பாதிப்பதும் உண்டு.

பதிவைக் கணித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே தொடங்கி, இரண்டு நிமிடம் கழித்து நிறுத்துங்கள். முன்னே பின்னே உள்ள பகுதியில் துணைக்கோளோ வளையமோ ஒளிந்திருக்கலாம். அந்த நான்கு நிமிடமும் தொலைநோக்கியைத் தொடாதீர்கள், மாடியில் யாரும் நடக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

மேகம் வந்தால்?

வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2014 மார்ச் 20 அன்று எரிகோன் என்ற சிறுகோள் நம் மகம் நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய முதல் தர நட்சத்திரம். நிழல் நியூயார்க் நகரத்தின் மேலேயே போகிறது. லட்சக்கணக்கானவர்கள் தெருவில் நின்றே பார்க்கலாம் என்று மாதக்கணக்கில் பிரசாரம் செய்தார்கள். அன்று ராத்திரி பாதை நெடுக மேகம். இந்த வேலைக்கு வருபவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

நம் ஊரிலிருந்து செய்ய முடியுமா?

நிழலுக்கு நாடு, எல்லை கிடையாது. ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் பதிவாளர்கள் நெருக்கமாக இருக்கிறார்கள்; தென்னிந்தியா, இலங்கை மேல் போகும் நிழல்கள் பெரும்பாலும் ஆள் இல்லாமலே கடந்துபோகின்றன. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல வானம் கிடைக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் தெற்கு வானத்து நட்சத்திரங்களும் நமக்கு எட்டும். மதுரை, திருச்சி, யாழ்ப்பாணம் என்று மூன்று ஊர்களில் ஆள் இருந்தாலே, பெரிய சிறுகோள்களுக்கு இடைவெளிவிட்ட நாண்கள் கிடைக்கும்.

பதிவை யாருக்கு அனுப்ப வேண்டும்? பதிலுக்கு என்ன கிடைக்கும்?

ஐயோட்டா எனப்படும் சர்வதேச மறைப்பு நேரப்பதிவுச் சங்கத்துக்குப் பிராந்திய வாரியாக ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தரும் படிவத்தில் இடம், உயரம், கருவிகள், நேரம் எடுத்த முறை, மறைந்த நேரம், திரும்பிய நேரம் ஆகியவற்றை நிரப்பி, வீடியோவையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் கேட்பார்கள். சரிபார்த்த முடிவுகள் நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்தில் சேர்கின்றன. பிரகாச மாற்றத்தை வைத்துச் சிறுகோள்களின் முப்பரிமாண வடிவத்தைக் கட்டும் ஆய்வாளர்களுக்கு அந்த வடிவம் எத்தனை கி.மீ. என்று சொல்லும் அளவுகோல் இங்கிருந்துதான் போகிறது.

பணம் கிடையாது. பெயர் தரவுப் பட்டியலில் இருக்கும், ஆய்வுக் கட்டுரையில் சில சமயம் இணையாசிரியராகவும் வரும். சிறுகோளுக்கே உங்கள் பெயரை வைப்பார்களா என்றால், அதை முன்மொழிவது அந்தச் சிறுகோளைக் கண்டுபிடித்தவர். அளந்தவருக்கு அந்த உரிமை இல்லை. ஆனாலும் ஐயோட்டாவைத் தொடங்கிய டேவிட் டன்ஹமுக்கு 3123, டேவ் ஹெரால்டுக்கு 3696 என்று ஆளுக்கொரு சிறுகோள் வானத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.